படகு எஞ்சின் சூடேறினால் எங்கே தேடுவது: தண்ணீர் போகும் வழியே ஒரு சோதனை

படகு எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறுகிறது என்றதும் பெரும்பாலோர் முதலில் தெர்மோஸ்டாட்டைக் (சூடானதும் திறந்து தண்ணீருக்கு வழிவிடும் வால்வு) கழற்றுகிறார்கள். அதை மாற்றியும் சூடு குறையாது. அடுத்து இம்பெல்லரை, அதாவது பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரத்தை, மாற்றுவார்கள். கடைசியில் படகின் அடியில் தண்ணீர் உறிஞ்சும் வாயில் ஒரு பிளாஸ்டிக் பை ஒட்டிக்கொண்டிருக்கும். இதற்குள் பணமும் போயிருக்கும், ஒரு நாளும் போயிருக்கும்.

இந்த வழிகாட்டி வேறு வரிசையில் போகிறது. எஞ்சின் எப்போது சூடேறுகிறது என்று முதலில் கவனிக்க வேண்டும். பிறகு தண்ணீர் நுழையும் துளையில் தொடங்கி அது வெளியே விழும் இடம்வரை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். படகுக்குள் பொருத்திய டீசல் எஞ்சினை வைத்தே எழுதியிருக்கிறோம். அவுட்போர்டில் (படகின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின்) மாறுபடும் விஷயங்கள் கடைசியில் தனியாக வருகின்றன.

ஓடிக்கொண்டிருக்கும்போது அலாரம் அடித்தால்

திராட்டிலைக் குறைத்து நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். உடனே எக்சாஸ்ட் வாயை எட்டிப் பாருங்கள். அடுத்து என்ன செய்வது என்பதை அங்கே தண்ணீர் வருகிறதா இல்லையா என்பதுதான் தீர்மானிக்கிறது.

தண்ணீர் வரவில்லை, வெறும் புகையும் ஆவியும்தான் வருகின்றன என்றால் எஞ்சினை நிறுத்திவிடுங்கள். எக்சாஸ்ட் ரப்பர் ஹோஸ் கருகாமல் இருப்பதே அந்தத் தண்ணீரால்தான். தண்ணீர் நின்றால் முதலில் வேகுவது ஹோஸும் மஃப்ளரும் (புகைச் சத்தத்தைக் குறைக்கும் பெட்டி). கூலன்ட் (எஞ்சினுக்குள் சுற்றும் குளிர்விக்கும் திரவம்) சூட்டைக் காட்டும் மானி அதற்குப் பிறகுதான் ஏறும். கரையோ பாறையோ பக்கத்தில் இருந்தால் கையோடு நங்கூரம் போடுங்கள்.

தண்ணீர் நன்றாக வருகிறது, மானி மட்டும் ஏறியிருக்கிறது என்றால் 3 முதல் 5 நிமிடம் சுமையில்லாமல் ஐடிலிங்கில் ஓடவிடுங்கள். சட்டென்று நிறுத்தினால் கூலன்ட் ஓட்டமும் நின்றுவிடும், சிலிண்டர் ஹெட்டில் தேங்கிய சூடு போக வழியிருக்காது. நிறுத்தியபின் மானி இன்னும் கொஞ்சம் ஏறுவது இதனால்தான். நல்ல எஞ்சினிலும் அப்படி ஏறும், பயப்பட வேண்டாம். ஐடிலிங்கிலும் முள் இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் நிறுத்திவிட வேண்டியதுதான்.

கூலன்ட் மூடியைச் சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது. பாதி தண்ணீர், பாதி கிளைகால் (உறைதடுப்புத் திரவம்) கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அழுத்த மூடிக்குள் இருப்பதால் 120 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடியைத் திருகியதும் அழுத்தம் போய், மொத்தமும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸை வெறுங்கையால் பிடித்துக்கொண்டிருக்க முடிகிற அளவுக்கு ஆறிய பிறகு, தடித்த துணி போட்டு, முதல் பிடிப்புவரை மட்டும் திருகிக் காற்று போகவிட்டு, பிறகு திறங்கள். கொதித்த எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள். வார்ப்பு இரும்பு விரிசல் விடும்.

தண்ணீர் போகும் வழி

பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் இரண்டு சுற்றுகள் இருக்கின்றன. ஒன்று, கடலோ ஆறோ ஏரியோ, வெளியிலிருந்து வரும் நீர். இதை இங்கே வெளிநீர் என்போம். படகின் அடித்துளை, நுழைவு வால்வு, வடிகட்டி, ரப்பர் இம்பெல்லர் உள்ள பம்ப், ஹீட் எக்ஸ்சேஞ்சர், எக்சாஸ்ட் எல்போ, மஃப்ளர் வழியாக அது வெளியே போகிறது. சில எஞ்சின்களில் கியர்பாக்ஸ் ஆயில் கூலரும் நடுவில் இருக்கும்.

மற்றொன்று எஞ்சினுக்குள்ளேயே சுற்றும் கூலன்ட். பெல்ட்டில் ஓடும் சுற்றுப் பம்ப், தெர்மோஸ்டாட், ஹீட் எக்ஸ்சேஞ்சர், கூலன்ட் தொட்டி ஆகியவை இந்தப் பக்கம். இரண்டு நீரும் கலப்பதில்லை. ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மெல்லிய குழாய்ச் சுவரில் ஒன்றன் சூட்டை மற்றொன்று வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

பழைய சிறு எஞ்சின்கள் சிலவற்றில் கூலன்டே கிடையாது. வெளிநீரே எஞ்சினுக்குள் சுற்றும். அவற்றின் தெர்மோஸ்டாட் சுமார் 60 டிகிரியில் திறக்கும்படி வைத்திருப்பார்கள். அதற்குமேல் சூடானால் கடல்நீரின் உப்பும் சுண்ணாம்பும் உள்ளே வேகமாகப் படியும். கூலன்ட் உள்ளவற்றில் பெரும்பாலும் 71 முதல் 82 டிகிரிக்குள் திறக்கும். உங்கள் எஞ்சினுக்கு எது இயல்பு என்று கையேட்டில் பார்த்து மானிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.

மானியை நம்பலாமா?

எதையும் கழற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள். 5 நிமிட வேலை. ஓர் இன்ஃப்ராரெட் வெப்பமானியை எடுத்து தெர்மோஸ்டாட் இருக்கும் மூடியின் மேல் காட்டுங்கள். பளபளக்கும் உலோகத்தில் இந்தக் கருவி குறைத்துக் காட்டும். அந்த இடத்தில் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி அதன்மேல் பார்த்தால் சரியாக வரும். மானி 100 காட்டும்போது கருவி 78 காட்டினால் கோளாறு மின் பக்கம் இருக்கிறது.

ஒற்றை ஒயர் சென்சாரில் அந்த ஒயர் தோல் உரிந்து எஞ்சின் உடலில் பட்டால் முள் உச்சத்துக்குப் போய்விடும். ஒயர் கழன்றால் முள் குளிரில் கிடக்கும். சாவியைப் போட்டதுமே, எஞ்சின் ஓடாமலேயே, முள் மேலே ஏறி நின்றால் சந்தேகமே வேண்டாம், ஒயர்தான்.

ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று கீழே விழுந்தால் மட்டும் நிம்மதி அடையாதீர்கள். கூலன்ட் குறைந்து சென்சார் முனை காற்றிலோ ஆவியிலோ தொங்கினாலும் முள் இறங்கும். எஞ்சின் அப்போது வெந்துகொண்டிருக்கும்.

எப்போது சூடேறுகிறது?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் தேடினால் பாதி வேலை முடிந்தது.

ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே, ஐடிலிங்கிலேயே ஏறினால்: நுழைவு வால்வு மூடியே கிடக்கிறது (இது நினைப்பதைவிட அடிக்கடி நடக்கும்), இம்பெல்லர் போய்விட்டது, கூலன்ட் இல்லை, அல்லது தெர்மோஸ்டாட் மூடிய நிலையில் சிக்கிக்கொண்டது.

மெதுவாகப் போகும்போது சரி, வேகம் எடுத்தால் ஏறுகிறது என்றால்: ஓட்டம் இருக்கிறது, போதவில்லை. வடிகட்டியில் பாதி அடைப்பு, உறிஞ்சும் ஹோஸ் உள்ளே சுருங்குவது, ஹீட் எக்ஸ்சேஞ்சரில் படிவு, எக்சாஸ்ட் எல்போ குறுகியிருப்பது, பெல்ட் வழுக்குவது. எஞ்சின்மேல் அளவுக்கு மீறிய சுமை விழுவதும் இந்த வகைதான்.

வேகத்தில் சரி, ஐடிலிங்கில் ஏறுகிறது என்றால்: தேய்ந்த இம்பெல்லர், அல்லது உறிஞ்சும் பக்கத்தில் காற்று கசிவு. வேகமாகச் சுற்றும்போது பம்ப் எப்படியோ சமாளித்துவிடும், மெதுவாகச் சுற்றும்போது விட்டுவிடும்.

சில மாதங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிவருகிறது என்றால்: படிவு, துரு, படகின் அடியில் வளர்ந்த கொட்டலசு (ஓட்டோடு ஒட்டி வளரும் சிறு கடலுயிர்).

நேற்றுவரை சரி, இன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று ஏறியது என்றால்: இம்பெல்லர் பிய்ந்தது, பெல்ட் அறுந்தது, அல்லது அடியில் ஏதோ ஒட்டியது. கூடவே பேட்டரி சார்ஜ் விளக்கும் எரிந்தால் நேராகப் பெல்ட்டைப் பாருங்கள், ஆல்டர்னேட்டரும் பெரும்பாலும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது.

ஏமாற்றும் வகை ஒன்று உண்டு. ஓடும்போது சூடேறும், நின்றதும் எல்லாம் சரியாகிவிடும், கரையில் எவ்வளவு சோதித்தாலும் குறை தெரியாது. அடியில் ஒட்டிய பிளாஸ்டிக் பை உறிஞ்சும் விசையில்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறது. பம்ப் நின்றால் அது விலகி மிதந்து போய்விடும். சில நொடி ரிவர்ஸில் படகை நகர்த்தினால் தண்ணீர் திரும்ப வருகிறதா பாருங்கள். வந்தால் விடை கிடைத்துவிட்டது.

வெளிநீர்ப் பக்கச் சோதனை

கோளாறுகளில் பெரும்பாலானவை இந்தப் பக்கம்தான். நேரத்தையும் இங்கேதான் அதிகம் செலவிட வேண்டும்.

முதலில் வடிகட்டி. வால்வை மூடி, மூடியைத் திறந்து, கூடையைக் கழுவுங்கள். மூடியின் ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். அது தட்டையாகியோ வெடித்தோ இருந்தால் அங்கே காற்று நுழையும். வடிகட்டி நீர்மட்டத்துக்கு மேலே இருந்தால் தண்ணீர் சொட்டாது, காற்று மட்டும் உள்ளே போகும். வெளியில் அடையாளமே இருக்காது. கண்ணாடி மூடியாக இருந்தால் எஞ்சின் ஓடும்போது உள்ளே குமிழிகள் ஓடுவது தெரியும்.

அடுத்து அடித்துளை. வால்வை மூடி, அதன் மேலுள்ள ஹோஸைக் கழற்றி, வால்வை ஒரு நொடி திறந்து மூடுங்கள். தண்ணீர் கொப்பளித்து எழ வேண்டும். நூல்போல் வந்தால் வால்வுக்குள்ளோ வெளிச் சல்லடையிலோ கொட்டலசு வளர்ந்திருக்கிறது. இதைச் செய்யும்போது அந்தத் துளைக்குப் பொருந்தும் மரத் தக்கை ஒன்று கையருகில் இருக்க வேண்டும். பழைய வால்வு திறந்தபின் மூட மறுத்தால் அதுதான் படகைக் காப்பாற்றும்.

உறிஞ்சும் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். கம்பிச் சுருள் இல்லாத ஹோஸ் வேகத்தில் உள்நோக்கிச் சப்பையாகும். வெளியே புதிதுபோல் இருந்து, உள்தோல் மட்டும் பிரிந்து வழியை மூடுவதும் உண்டு. ஹோஸைக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே பார்த்தால்தான் தெரியும்.

இப்போது இம்பெல்லர். நுழைவு வால்வை மூடி, எஞ்சின் சாவியை அந்த வால்வின் கைப்பிடியிலேயே மாட்டிவிடுங்கள். வேலை முடிந்து சாவியை எடுக்கப் போகும்போது வால்வைத் திறக்க மறக்க மாட்டீர்கள்.

பம்பின் மூடியில் பொதுவாக 4 முதல் 6 சிறு திருகுகள் இருக்கும். அடியில் ஒரு துணியை விரியுங்கள், இல்லையென்றால் ஒன்றாவது படகின் அடிக்குழியில் விழும். மூடியைத் திறந்ததும் இதழ்கள் எந்தப் பக்கம் வளைந்திருக்கின்றன என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இம்பெல்லரை இழுக்க அதற்கான புல்லர் இருந்தால் நல்லது. இரண்டு பிளையரால் இருபுறமும் பிடித்து நேராக இழுத்தாலும் வரும். ஸ்க்ரூடிரைவரைப் பம்பின் விளிம்பில் முட்டுக்கொடுத்து நெம்பாதீர்கள். அந்த விளிம்பில்தான் மூடி படிந்து நிற்கிறது. அங்கே ஒரு கீறல் விழுந்தால் அதுவே காற்றுக்கு வழி.

கழற்றிய இம்பெல்லரில் பார்க்க வேண்டியவை:

இதழ்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். ஒவ்வோர் இதழையும் விரலால் மடக்கி, அடியில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். விரிசல் பெரும்பாலும் வேரில்தான் தொடங்கும். ஒரே பக்கம் வளைந்தபடியே நின்று நிமிராமல் இருந்தால் ரப்பர் செத்துவிட்டது. இனி அது உறிஞ்சாது.

நடுவிலுள்ள பித்தளைப் பகுதியைப் பிளையரால் பிடித்து, ரப்பரை மறு கையால் முறுக்குங்கள். இரண்டும் ஒட்டியே திரும்ப வேண்டும். ரப்பர் மட்டும் வழுக்கினால், பார்வைக்குப் புத்தம் புதிதாக இருக்கும் இம்பெல்லரும் பயனற்றது. ஐடிலிங்கில் தண்ணீர் தள்ளும், வேகத்தில் அச்சு மட்டும் சுற்றும், இம்பெல்லர் நின்றுவிடும். பலரையும் நாள்கணக்கில் அலைக்கழிக்கும் கோளாறு இது.

பம்பின் உள்ளே மூடித் தகட்டில் வட்ட வட்டமான பள்ளங்கள் விழுந்திருந்தால் இம்பெல்லர் புதிதானாலும் ஓட்டம் குறையும். பல பம்புகளில் இந்தத் தகட்டைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே அடியில் சிறு துளை ஒன்று இருக்கும். அங்கே தண்ணீர் சொட்டினால் நீர்ப் பக்கத்துச் சீல் போயிற்று, ஆயில் சொட்டினால் ஆயில் பக்கத்துச் சீல்.

இதழ் ஒன்று குறைந்தால் அதைக் கண்டுபிடிக்காமல் விடாதீர்கள். துண்டுகள் தண்ணீரோடு முன்னால்தான் போயிருக்கும். பம்பின் வெளிவாய், அடுத்த ஹோஸின் வளைவு, ஆயில் கூலரின் முகப்பு, ஹீட் எக்ஸ்சேஞ்சரின் நுழைவு முகப்பு என்று வரிசையாகத் தேடுங்கள். புது இம்பெல்லர் போட்டும் எஞ்சின் சூடேறுகிறது என்று வரும் புகார்களில் பலவற்றுக்கும் காரணம் இந்த அனாதைத் துண்டுகளே. இம்பெல்லர் ஏன் பிய்ந்தது என்பதற்கும் பதில் வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் ரப்பர் ஒரு நிமிடத்துக்குள்ளேயே வெந்துவிடும். எனவே வடிகட்டியையும் அடித்துளையையும் பார்க்காமல் புது இம்பெல்லர் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

புதியதைப் பொருத்தும்போது கிளிசரினோ பாத்திரம் கழுவும் திரவமோ தடவுங்கள். பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை உப்பவைக்கும். இதழ்களைப் பம்ப் சுழலும் திசைக்குப் பின்னோக்கி வளைத்து உள்ளே தள்ளுங்கள். புது கேஸ்கெட் போட்டு, திருகுகளை எதிரெதிராக இறுக்குங்கள். வடிகட்டியில் தண்ணீர் நிரப்பி மூடி, வால்வைத் திறந்து, ஸ்டார்ட் செய்யுங்கள். அரை நிமிடத்துக்குள் எக்சாஸ்ட்டில் தண்ணீர் வர வேண்டும். வராவிட்டால் நிறுத்திவிடுங்கள், கொஞ்ச நேரம் ஓடட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வருடத்துக்கு ஒரு முறை இம்பெல்லரை மாற்றுவது நல்ல வழக்கம், எஞ்சின் அதிகம் ஓடாவிட்டாலும்கூட. ஒரே நிலையில் வளைந்து கிடப்பதும் ரப்பருக்குக் கெடுதல்தான்.

ஓட்டத்தை அளப்பது

படகைக் கட்டிவைத்து, எக்சாஸ்ட்டுக்கு அடியில் 10 லிட்டர் வாளியைப் பிடித்து, ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை), 1,500 என்று வைத்துக்கொள்வோம், நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், முகத்தை அருகில் கொண்டுபோகாதீர்கள். எஞ்சின் நன்றாக இருக்கும்போதே ஒரு முறை இப்படி அளந்து எழுதிவைத்திருந்தால் பின்னாளில் அந்த ஒரு எண் ஆயிரம் ஊகங்களை மிச்சப்படுத்தும்.

ஓட்டம் குறைவு என்று தெரிந்தால் அடைப்பு எங்கே என்று வழியைப் பாதியாக வெட்டிப் பார்க்கலாம். ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் போகும் ஹோஸைக் கழற்றி வாளிக்குள் விட்டு ஐடிலிங்கில் ஓட்டுங்கள். அங்கே தண்ணீர் பீறிட்டு வந்தால் பம்பும் அதற்கு முன்னால் உள்ளவையும் குற்றமற்றவை, அடைப்பு அதற்குப் பின்னால். ஆனால் இதை 10 நொடிக்கு மேல் செய்யாதீர்கள். அந்த நேரம் எக்சாஸ்ட் ஹோஸுக்குத் தண்ணீரே போகவில்லை.

எஞ்சின் கிளம்பாமல் திரும்பத் திரும்ப ஸ்டார்ட்டரை இயக்க நேர்ந்தால் நுழைவு வால்வை மூடிவிடுங்கள். பம்ப் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும், அதை வெளியே ஊதித் தள்ளப் புகை இருக்காது. மஃப்ளர் நிறைந்து தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறிவிடும். கிளம்பியதும் உடனே வால்வைத் திறங்கள்.

ஹீட் எக்ஸ்சேஞ்சர்

இரு முனை மூடிகளையும் கழற்றினால் மெல்லிய குழாய்கள் வரிசையாகத் தெரியும். இம்பெல்லர் துண்டு, புல், சிப்பி, துத்தநாகக் குச்சியின் (மற்ற உலோகத்துக்குப் பதில் தான் அரிந்து கரைவது) உடைந்த துணுக்கு ஆகியவைதான் இங்கே முதல் விருந்தாளிகள். துத்தநாகக் குச்சி பாதிக்குமேல் கரைந்திருந்தால் உடையும் முன்பே மாற்றுங்கள்.

ஒவ்வொரு குழாயிலும் மரக் குச்சியோ பித்தளைக் கம்பியோ விட்டு மெதுவாகத் தள்ளுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம். சுவர் மெல்லியது, ஒரு துளை விழுந்தால் உப்புநீரும் கூலன்டும் கலந்துவிடும். கல்போல் இறுகிய படிவுக்கு அமிலக் கரைசல் வேண்டும். அலுமினியப் பாகம் எதிலும் அமிலம் படாமல், எஞ்சின் தயாரிப்பாளர் சொல்லும் மருந்தையே பயன்படுத்துங்கள்.

கழற்றாமலே நிலையை ஊகிக்க இன்ஃப்ராரெட் கருவி உதவும். எஞ்சின் சுமையில் ஓடும்போது, எக்ஸ்சேஞ்சருக்குள் போகும் கூலன்ட், வெளியே வரும் கூலன்ட் இரண்டையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே சூடாக இருந்தால் கூலன்ட் ஓடுகிறது, வெளிநீர் சூட்டை வாங்கவில்லை. அதாவது வெளிநீர் போதவில்லை, அல்லது குழாய்களில் படிவு. இவற்றில் எது என்பதை வெளிநீர் ஹோஸ் சொல்லும். வெளியே வரும் வெளிநீர் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் ஓட்டம் குறைவு. தாராளமாக ஓடியும் சூடேறாமலே போனால் படிவு. கூலன்ட் உள்ளே கொதிநிலையில் போய், வெளியே மிகக் குளிர்ந்து வந்தால் கூலன்ட்தான் மெதுவாக ஓடுகிறது. தெர்மோஸ்டாட்டையும் சுற்றுப் பம்பையும் அப்போது பாருங்கள்.

எக்சாஸ்ட் எல்போ

புகையும் வெளிநீரும் சந்திக்கும் இடம் இது. ஒரு பக்கம் கரி, மறு பக்கம் உப்பு, இரண்டும் சேர்ந்து உள்ளே கெட்டித்துவிடும். தண்ணீர் நுழையும் துளை அடைந்தால் ஓட்டம் குறையும். புகை வழி குறுகினால் எஞ்சின் மூச்சுத் திணறி, கறுப்புப் புகை விட்டு, முழு ஆர்பிஎம்மை எட்டாது. ஹோஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். வழி பாதியாகக் குறைந்திருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்யலாம். சுவர் அரித்துப் பொத்தல் விழும் நிலையில் இருந்தால் மாற்றிவிடுவதே மேல்.

கூலன்ட் பக்கம்

ஆறிய எஞ்சினில் தொட்டியின் மட்டம் பாருங்கள். குறைந்திருந்தால் எங்கே போயிற்று என்று கேளுங்கள். தரையில் ஈரமில்லாமல் கூலன்ட் மறைந்தால் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் ஊசித்துளை இருக்கலாம். ஓடும்போது கூலன்ட் பக்கம் அழுத்தம் அதிகம் என்பதால் அது வெளிநீரோடு சேர்ந்து எக்சாஸ்ட் வழியே போய்விடும், ஒரு சொட்டும் கண்ணில் படாது.

மூடியின் ரப்பர் வளையம் காய்ந்திருந்தாலும் கூலன்ட் வெளியேறும். அழுத்தம் பிடிக்காத மூடி கொதிநிலையைக் குறைத்துவிடுகிறது. ஒவ்வொரு பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) அழுத்தமும் கொதிநிலையைச் சுமார் 1.5 டிகிரி உயர்த்தும், அதுவே இழந்தால் அதே அளவு இறங்கும்.

பெல்ட்டை இரண்டு கப்பிகளுக்கு நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மி.மீ. தணிய வேண்டும். அடியில் கறுப்புத் தூள் கொட்டிக் கிடந்தால் அது வழுக்குகிறது அல்லது கப்பிகள் நேர்க்கோட்டில் இல்லை.

தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க ஒரு பாத்திரம் தண்ணீரும் ஒரு வெப்பமானியும் போதும். நூலில் கட்டிப் பாத்திரத்தின் அடியில் படாமல் தொங்கவிட்டு, மெதுவாகச் சூடேற்றுங்கள். அதன்மேல் பொறித்த டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கி, மேலும் 10 டிகிரி போல் ஏறுவதற்குள் முழுதாகத் திறந்துவிட வேண்டும். திறக்காததையும் பாதியில் நிற்பதையும் தூக்கிப் போடுங்கள்.

தெர்மோஸ்டாட்டே இல்லாமல் ஓட்டினால் குளிர்ச்சியாக இருக்கும் என்று ஒரு யோசனை எல்லாத் துறைமுகங்களிலும் உலவுகிறது. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பக்கவழியை மூடவும் செய்கிறது. அதைக் கழற்றிவிட்டால் கூலன்டில் ஒரு பகுதி எக்ஸ்சேஞ்சர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி, முன்னைவிட அதிகம் சூடேறும்.

கூலன்ட் மாற்றிய பிறகே தொல்லை தொடங்கியது என்றால் உள்ளே காற்று அடைபட்டிருக்கும். காற்று விடும் திருகுகளைத் திறந்து, மெதுவாக ஊற்றி, குமிழி நின்று திரவம் வரும்வரை பொறுங்கள். குளியலுக்கு வெந்நீர் போடும் தொட்டிக்கு எஞ்சினிலிருந்து ஹோஸ் போயிருந்து, அது கூலன்ட் தொட்டியைவிட உயரத்தில் இருந்தால் காற்று அங்கேதான் நிற்கும்.

எஞ்சினில் குறையில்லை, சுமைதான் அதிகம்

குளிரூட்டும் பக்கம் எல்லாம் சரி, வேகத்தில் மட்டும் சூடு என்றால் முழுத் திராட்டிலில் எஞ்சின் அதற்குக் குறித்த ஆர்பிஎம்மை எட்டுகிறதா என்று பாருங்கள். 3,600 எட்ட வேண்டியது 3,100-லேயே திணறிக் கறுப்புப் புகை விட்டால், புரொப்பெல்லரில் கயிறு சுற்றியிருக்கலாம், இதழ் வளைந்திருக்கலாம், அடியில் கொட்டலசு மண்டியிருக்கலாம், அல்லது புரொப்பெல்லரின் பிட்ச் (இதழ்களின் சாய்வு அளவு) அந்த எஞ்சினுக்கு அதிகம். எத்தனை இம்பெல்லர் மாற்றினாலும் இதற்குத் தீர்வு வராது.

ஹெட் கேஸ்கெட்

சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சின் உடலுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு இது. இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இது காரணமாக இருப்பதைவிட விளைவாக இருப்பதே அதிகம். ஒரு முறை நன்றாக வெந்த எஞ்சினில் கட்டாயம் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்போல் விறைத்தால் சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்டுக்குள் புகுகிறது, ஏனென்றால் சூட்டால் அழுத்தம் ஏற அதற்குள் நேரமில்லை. தொட்டியில் விடாமல் குமிழி வருவது, கூலன்ட் வெளியே தள்ளப்படுவது, ஆயில் குச்சியில் பால் கலந்ததுபோல் ஆயில் தெரிவது ஆகியவையும் அடையாளங்கள். பால்போன்ற ஆயிலோடு எஞ்சினை ஓட்டக் கூடாது.

அவுட்போர்டில்

பக்கத்திலிருந்து பீச்சும் மெல்லிய நீர்த்தாரை நின்றால் முதலில் அந்தத் துளையை நைலான் நரம்பால் குத்திப் பாருங்கள். மண்ணோ பூச்சிக்கூடோ அடைத்திருக்கும். தாரை நின்றால் குளிரூட்டலே நின்றது என்று பொருளில்லை, ஆனால் நின்றுவிட்டதாகவே வைத்துக்கொண்டு சோதிப்பது பாதுகாப்பு. கீழ்ப்பகுதியின் நுழைவுச் சல்லடையையும் பாருங்கள். எஞ்சினை அதிகமாக மேல்நோக்கிச் சாய்த்தாலும் சல்லடை காற்றை உறிஞ்சும்.

இம்பெல்லர் கீழ்ப்பகுதிக்குள் இருக்கிறது, அதை மாற்றக் கீழ்ப்பகுதியையே இறக்க வேண்டும். திரும்பப் பொருத்தும்போது நீர்க்குழாய் பம்பின் ரப்பர் வளையத்துக்குள் சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்காவிட்டால் புது இம்பெல்லரும் வீண். மணலான ஆழமற்ற நீரில் ஓடும் எஞ்சின்களில் பம்பின் உறையே தேய்ந்துவிடும், அதையும் சேர்த்து மாற்றுங்கள். வேகத்தில் மட்டும் சூடேறும் அவுட்போர்டில், அழுத்தம் கூடும்போது திறக்க வேண்டிய வால்வு உப்பில் ஒட்டியிருக்கலாம். உப்புநீரில் ஓட்டியபின் ஒவ்வொரு முறையும் 5 முதல் 10 நிமிடம் நன்னீரில் கழுவினால் தெர்மோஸ்டாட்டும் இந்த வால்வும் பல ஆண்டு தாங்கும்.

சரிசெய்த பிறகு

கரையில் கட்டிய படகில் ஐடிலிங்கில் அரை மணி ஓடியது சோதனை ஆகாது. சுமையில்லாத எஞ்சின் சூட்டைக் கொஞ்சம்தான் உண்டாக்கும், பாதி அடைத்த எக்ஸ்சேஞ்சர்கூட அதைச் சமாளித்துவிடும். கரைக்குப் பக்கத்திலேயே, வழக்கமான வேகத்தில் 20 நிமிடமும் முழு வேகத்தில் 5 நிமிடமும் ஓட்டுங்கள். ஆர்பிஎம், மானியின் அளவு, எக்சாஸ்ட் எல்போவின் சூடு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆறியதும் கூலன்ட் மட்டத்தையும் ஆயில் குச்சியையும் திரும்பப் பாருங்கள், கழற்றிய கிளாம்புகளை ஒரு முறை இறுக்குங்கள். கழற்றிய இம்பெல்லர் முழுசாக இருந்தால் எறிய வேண்டாம், புது இம்பெல்லர், கேஸ்கெட், பெல்ட், தெர்மோஸ்டாட் ஆகிய உதிரிகளோடு படகிலேயே அதுவும் இருக்கட்டும்.